பழைய போன் வாங்கப் போகிறீர்களா? விலை பேசும் முன் பூட்டைப் பாருங்கள்

தங்கச்சி காலேஜில் சேர்ந்த சமயம். புது போன் வாங்கக் கையில் காசு இல்லை. விளம்பரம் பார்த்து ஒருவரிடம் 11,500 ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். தண்டையார்பேட்டை மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழே கைமாறியது. ஒரு கீறல் கிடையாது, பேட்டரி நாள் முழுக்க நின்றது. வீட்டில் எனக்கு நல்ல பேர்.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் காலை ஏழரைக்கு, அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது, திரை முழுக்க ஒரே அறிவிப்பு: தவணை பாக்கி இருக்கிறது, இந்த எண்ணில் தொடர்பு கொள்ளவும். தள்ளினால் நகரவில்லை. அணைத்துப் போட்டாலும் அதேதான். ரீசெட் அடித்துப் பார்த்தோம், எல்லாம் அழிந்தது, அறிவிப்பு மட்டும் அப்படியே வந்து நின்றது. முழுப் பணம் கொடுத்து வாங்கிய போனின் சாவி, எனக்கு முகம் தெரியாத ஒரு கடன் கம்பெனியிடம் இருந்திருக்கிறது.

அதைத் திறந்து வாங்க எனக்குப் பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். போக்கியத்துக்கு வீடு பார்க்கப் போனால் சுவரில் பெயின்ட் எப்படி என்று பார்ப்பதற்கு முன் பத்திரம் யார் பேரில் என்று கேட்போம் இல்லையா, அந்தக் கேள்விதான் போனுக்கும்.

1. கிளம்புவதற்கு முன் போனிலேயே நான்கு கேள்வி

விற்பவரிடம் நேரில் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒரிஜினல் பில் இருக்கிறதா? பெட்டி இருக்கிறதா? தவணையில் எடுத்ததா, கடன் முடிந்துவிட்டதா? என் கண்ணெதிரே ரீசெட் அடித்துத் தருவீர்களா?

கடைசிக் கேள்வியில் பாதிப் பேர் லைனை வைத்துவிடுவார்கள். நல்லது, பஸ் காசு மிச்சம்.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: டேட்டா உள்ள உங்கள் போன் (ஹாட்ஸ்பாட் போட), இன்னொரு சிம், சிம் ஊசி, சார்ஜர் வயர், வெள்ளைத்தாள், பேனா. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போன் கடைகள் நிறைந்த சென்னை பர்மா பஜார் பக்கம் போகிறீர்கள் என்றால் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் உங்களுக்காகக் கடைக்காரர் முக்கால் மணி நேரம் உட்கார மாட்டார், நீங்களும் பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்க இடிக்க அவசரப்பட்டு வாங்கிவிடுவீர்கள். தனி ஆளிடம் வாங்குவதானால் அவர் வீட்டிலேயே பார்ப்பது உத்தமம். மெட்ரோ படிக்கட்டு வேண்டாம்.

2. காகிதங்கள்

பில். அதில் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) அச்சாகியிருக்க வேண்டும். கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். பணம் கட்டிய விதம் என்ற வரியை மறக்காமல் படியுங்கள். பல கடைகளின் பில்லில் அந்த இடத்தில் கடன் கொடுத்த கம்பெனியின் பேர் இருக்கும். என் பில்லிலும் இருந்தது, பொடி எழுத்தில், மடிப்பு விழுந்த இடத்தில். நான் தேதியையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கம்பெனி பேர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான என்ஓசி கடிதத்தைக் கேளுங்கள். "ஆப்ல ஜீரோ காட்டுது பாருங்க" என்பதெல்லாம் போதாது. என்ஓசியில் கடன் கணக்கு எண்ணும், பாக்கி ஏதும் இல்லை என்ற வரியும் இருக்க வேண்டும்.

பில் தொலைந்துவிட்டது என்பவர்கள் உண்டு. உண்மையாகவே தொலைந்திருக்கலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் ஹிஸ்டரியில் இன்னொரு தடவை இறக்கிக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யவும் மனசு வரவில்லை என்றால் அந்த போனை விட்டுவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குகிறவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதில் வந்த சட்டம்) 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. பில் இல்லாமல் பாதி விலைக்கு வருகிற போனைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு எப்படித் தெரியும்" என்று ஸ்டேஷனில் சொல்வது கஷ்டம்.

3. ஐஎம்இஐ: மூன்று இடம், ஒரே எண்

போனில் *#06# அடியுங்கள். 15 இலக்க எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். பெட்டியின் ஸ்டிக்கர், பில், திரை, மூன்றிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள், முழுசாகப் படியுங்கள்.

அடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சோதனை. உங்கள் போனிலிருந்து எஸ்எம்எஸ்: ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு 15 இலக்கம், அனுப்ப வேண்டிய எண் 14422. அத்துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் ஆப்பிலும் இதே வேலையைச் செய்யலாம். மாடல் பேர் வரும். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். பிளாக்லிஸ்டட், டூப்ளிகேட், ஆல்ரெடி இன் யூஸ் இந்த மூன்றில் எது வந்தாலும் வாங்க வேண்டாம் என்று அந்தத் தளமே சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை: இன்று சுத்தமாகக் காட்டுகிற எண் அடுத்த வாரம் பிளாக் ஆகலாம். தொலைத்தவர் தாமதமாகப் புகார் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் 7ஆம் படியில் வரும் விற்பனைக் கடிதம் வேண்டும்.

4. கண்ணெதிரே ரீசெட், அதுவும் கடைசி வரை

அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்.

"எல்லாம் எரேஸ் பண்ணிட்டேன் தம்பி, புதுசு மாதிரி கீது. ஆன் பண்ணா ஹலோ வருது பாரு." வரும். பூட்டிய போனிலும் ஹலோ வரும். பூட்டு தெரிவது அதற்கு நாலைந்து திரை தாண்டி, வைஃபை கொடுத்த பிறகு. ஹலோவோடு நிறுத்தி, பெட்டியில் போட்டு, பையில் வைத்துக் கொடுத்தால் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

ஆண்ட்ராய்டில் இருப்பதைக் கடைகளில் ஜிமெயில் லாக் என்பார்கள், எஃப்ஆர்பி என்றும் சொல்வார்கள். 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து இருக்கிறது. கணக்கை எடுக்காமல், பட்டன்களை அழுத்திப் பிடித்து ரெக்கவரி வழியாக ரீசெட் அடித்தால், பழைய ஆளின் கூகுள் கணக்கையோ பழைய திரைப் பூட்டையோ கேட்கும். திருடனுக்காக வைத்த பூட்டு, அப்பாவியும் மாட்டுகிறான்.

சரியான வரிசை இது. விற்பவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

முதலில் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் எல்லா கூகுள் கணக்கையும் நீக்க வேண்டும். சாம்சங் என்றால் சாம்சங் அக்கவுன்ட், ஷாவ்மி அல்லது ரெட்மி என்றால் மி அக்கவுன்ட், அவற்றையும் தனியாக நீக்க வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். பிறகு திரைப் பூட்டை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ஃபேக்டரி ரீசெட். ஐந்து பத்து நிமிடம் ஆகும். போன் எழுந்ததும் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் ஜிமெயில் போட்டு, ஹோம் ஸ்கிரீன் வரும் வரை போங்கள். நடுவில் "முன்பு இருந்த கணக்கைச் சரிபார்க்கவும்" என்று கேட்டால் நிறுத்துங்கள். "நெட் இல்லாம ஸ்கிப் பண்ணு" என்று யாராவது சொன்னால் ஸ்கிப் பண்ணாதீர்கள். நெட் இருந்தால்தான் பூட்டு வெளியே தெரியும்.

ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து மேலே இருக்கும் பேரைத் தொட்டு, கடைசியில் சைன் அவுட். விற்பவர் தன் ஆப்பிள் பாஸ்வேர்டைப் போட வேண்டும், அப்போதுதான் ஃபைண்ட் மை (தொலைந்த ஐபோனைத் தேடும் வசதி) அணையும். அதற்குப் பிறகு எரேஸ் ஆல் கன்டென்ட். மறுபடி செட்டப் செய்யும்போது இந்த ஐபோன் உரிமையாளருக்குப் பூட்டப்பட்டது என்ற திரை வந்தால் அது ஐக்ளவுட் லாக். 2013இல் ஐஓஎஸ் 7உடன் வந்த இந்தப் பூட்டு ஆப்பிள் சர்வரில் இருக்கிறது, போனில் எதை மாற்றினாலும் போகாது.

கம்பெனி லாக் என்று ஒன்றும் இருக்கிறது. அலுவலகம் ஊழியருக்குக் கொடுத்த போன், வேலையை விட்டவர் திருப்பித் தராமல் விற்றது. ஐபோனில் செட்டிங்ஸ் மேலேயே இந்தச் சாதனம் இன்ன நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று இருக்கும். ரீசெட்டுக்குப் பிறகு ரிமோட் மேனேஜ்மென்ட் திரை வரும். கம்பெனி விடுவித்தால் ஒழிய வழியில்லை.

5. ஃபைனான்ஸ் லாக்: நான் விழுந்த குழி

இது ஏன் ரீசெட்டுக்குப் பிறகும் போகவில்லை? தவணையில் விற்கும்போதே போனின் ஐஎம்இஐ எண்ணைக் கடன் கம்பெனி ஒரு சர்வரில் பதிந்துவிடுகிறது. இப்படிப் பூட்டுவதற்கு சாம்சங்கில் நாக்ஸ் கார்டு (Knox Guard) என்று இருக்கிறது, கூகுள் பக்கம் டிவைஸ் லாக் கன்ட்ரோலர். போன் நெட்டுக்கு வந்ததும் சர்வரைக் கேட்கும், அது பூட்டு என்றால் பூட்டிக்கொள்ளும். தவணை ஒழுங்காகக் கட்டும் வரை ஒன்றுமே தெரியாது. என்னிடம் விற்றவர் போன் கை மாறியதும் கட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு அந்த மாதம் வேறு செலவு.

வாங்கும்போது கண்டுபிடிக்க: செட்டிங்ஸில் செக்யூரிட்டி, அதில் டிவைஸ் அட்மின் ஆப்ஸ். ஃபைண்ட் ஹப் (பழைய பேர் ஃபைண்ட் மை டிவைஸ்) இருக்கலாம், பயமில்லை. கடன் கம்பெனி பேரில், அல்லது அணைக்கவே முடியாத ஆப் ஏதாவது இருந்தால் பயப்படுங்கள். ரீசெட் அடித்து நெட்டில் இணைத்ததும் இது கடனில் உள்ள போன் என்று சில மாடல்கள் சொல்லிவிடும். ஆப்ஸ் பட்டியலில் டிவைஸ் லாக் கன்ட்ரோலர் என்ற பேரைப் பார்த்துவிட்டு மட்டும் ஓடாதீர்கள், பல போன்களில் அது சும்மாவே இருக்கும்.

இதில் எதிலுமே தெரியாமல் தப்பிக்கும் போன்கள் இருக்கின்றன. அதனால் தவணையில் எடுத்த போன் என்றால் என்ஓசி கடிதம்தான் சோதனை. என்ஓசி இல்லையா, விலையில் ஆயிரம் குறைத்தாலும் வேண்டாம்.

என் கதை முடிந்த விதம்: விற்றவரைத் தேடிப் பிடிக்க ஆறு நாள். மீதி இரண்டு தவணையும் அபராதமும் சேர்த்து 4,300 ரூபாய், அவர் பாதி நான் பாதி. கட்டிய பிறகு கம்பெனியின் கணக்கில் ஏற மூன்று வேலை நாள். பூட்டு தானாகத் திறக்கும் என்றார்கள், திறக்கவில்லை. தினமும் கூப்பிட்டு, ரசீதை மெயிலில் அனுப்பி, கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் திறந்தது. என்ஓசிக்கு இன்னும் ஒரு வாரம். போன் திறக்கும் வரை தங்கச்சி அம்மாவின் பட்டன் போனோடு காலேஜ் போனாள். அதை இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

6. ஐபோன் என்றால் கூடுதலாக மூன்று

செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட். அங்கே கேரியர் லாக் வரியில் நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த போனில் அந்த ஊர் நெட்வொர்க்கின் பூட்டு இருந்தால் நம் ஜியோ, ஏர்டெல் எடுக்காது. சிம் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலிருந்து சிம் தட்டே கிடையாது, இசிம் (போனுக்குள்ளேயே பதிகிற சிம்) மட்டும்தான்.

அதே பக்கத்தில் மாடல் நம்பர். முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் ரீஃபர்பிஷ்ட் (சரிசெய்து மறுபடி விற்றது), என் என்றால் மாற்றிக் கொடுத்தது. கடைசி எழுத்துகள் ஊரைச் சொல்லும்: ஹெச்என் இந்தியா, எல்எல் அமெரிக்கா, ஜே ஜப்பான். "இந்தியா பீஸ்" என்று சொல்லி எல்எல் கொடுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி என்ற பகுதி இருந்தால் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். அன்நோன் பார்ட் என்றால் அது ஒரிஜினல் இல்லாமல் இருக்கலாம். மாற்றியது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

7. பணம், எழுத்து

யுபிஐயில் அனுப்புங்கள். குறிப்பு இடத்தில் மாடல் பேரும் ஐஎம்இஐயின் கடைசி ஆறு இலக்கமும் போடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் எழுத்து கட்டாயம். நான் இப்போது எழுதி வாங்குவது இவ்வளவுதான்:

"இன்ன மாடல், ஐஎம்இஐ எண் இன்னது உள்ள என் சொந்த போனை இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்னாருக்கு இத்தனை ரூபாய்க்கு விற்றேன். இதன் மீது கடன் பாக்கியோ புகாரோ இல்லை. அப்படி ஏதும் வந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்."

கீழே கையெழுத்து, போன் எண், அடையாள அட்டையின் நகல். ஆதார் கொடுக்கத் தயங்கினால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரே போதும், அதை ஆதார் வழங்கும் யுஐடிஏஐயின் தளத்தில் இறக்கலாம். பத்திரத்தாள் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நேரத்தைக் குறிப்பது முக்கியம். அந்த நிமிடத்துக்கு முன் அந்த போனில் நடந்த எதற்கும் நீங்கள் பொறுப்பில்லை என்று காட்ட அது உதவும்.

8. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

ஐக்ளவுட் லாக் என்றால், விற்றவர் துபாயிலேயே இருந்தாலும் ஐக்ளவுட் தளத்தில் ஃபைண்ட் டிவைசஸ் போய், எரேஸ் செய்து, ரிமூவ் ஃப்ரம் அக்கவுன்ட் அழுத்தினால் திறந்துவிடும். அவர் கிடைக்கவில்லை என்றால் ஆப்பிளிடம் ஒரிஜினல் பில்லுடன் விண்ணப்பிக்கலாம். செகண்ட் ஹேண்ட் கடை எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டை ஏற்க மாட்டார்கள்.

ஜிமெயில் லாக் என்றால் விற்றவர் நேரில் வந்து பாஸ்வேர்ட் போடுவதுதான் சுலபம். மறந்துபோய்ப் புது பாஸ்வேர்ட் வைத்தாரானால் 24 மணி நேரம் பொறுத்து முயலுங்கள் என்று கூகுள் சொல்கிறது.

பைபாஸ், அதாவது குறுக்கு வழியில் பூட்டைத் தாண்டித் தருகிறேன் என்று ஐந்நூறு, ஆயிரம் கேட்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். பைபாஸ் செய்த பழைய ஐபோன்கள் பலவற்றில் சிக்னல் வராது, பாட்டு கேட்க மட்டும் ஆகும். அப்டேட் போட்டால் பூட்டு திரும்பி வரும்.

ஐஎம்இஐயையே மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

பில் கொடுத்த கடையில் வாங்கி ஏமாந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. தனி ஆளிடம் வாங்கியதற்கு இந்த வழி கிடையாது.

9. "நானே முழுசாத் திறக்கிறேன்" என்பவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் பிறர் வைத்த பூட்டு. போனைத் தயாரித்த கம்பெனி வைத்த பூட்டும் ஒன்று இருக்கிறது: பூட்லோடர், அதாவது போன் எழும்போது எந்த சிஸ்டம் ஓடலாம் என்று முடிவு செய்யும் நிரல். அதைத் திறந்தால் லினேஜ்ஓஎஸ் மாதிரி வேறு சிஸ்டம் ஏற்றிப் பழைய போனுக்கு உயிர் கொடுக்கலாம். எனக்குப் பிடித்த வேலை, ஆனால் புதியவர்கள் தெரிந்துகொண்டு இறங்குங்கள். திறக்கும் நிமிடத்தில் போனில் உள்ள எல்லாம் அழியும். கூகுள் பிக்சலில் சுலபம். ஷாவ்மியில் கணக்கைப் பதிந்துவிட்டு வழக்கமாகச் சில நாள் காத்திருக்க வேண்டும். சாம்சங்கில் உள்ளே ஒரு ஃபியூஸ் போய்விடும், திரும்பப் பூட்டினாலும் செக்யூர் ஃபோல்டர் (அந்தரங்கக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் இடம்) வேலை செய்யாது. பேங்க் ஆப்பும் யுபிஐயும் திறந்த போனை நம்புவதில்லை, பல ஆப்கள் ஓட மறுக்கும். அதனால் அன்றாடம் ஜிபே அடிக்கிற போனில் கை வைக்காதீர்கள், மேசை டிராயரில் கிடக்கும் பழையதில் செய்யுங்கள்.

திறந்த கதவில் நாம் மட்டும் நுழைவதில்லை. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் ஏபிகே, அதாவது ஆப் கோப்பு ஏற்றலாம். ஐபோனில் நம் ஊரில் அந்த வழி இல்லை. ஆண்ட்ராய்டின் அந்த வசதியை வைத்துத்தான் வாட்ஸ்அப்பில் டிராஃபிக் அபராதச் சீட்டு என்று ஏபிகே அனுப்பி அக்கவுன்டைத் துடைக்கிறார்கள். தங்கச்சி போனில் தெரியாத ஆப் ஏற்றும் அனுமதியை வாங்கிய அன்றே அணைத்து வைத்தேன்.

10. வாங்கிய அன்று ராத்திரி

பில், என்ஓசி, விற்பனைக் கடிதம், பெட்டி ஸ்டிக்கர் எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள். நாளைக்கு போன் தொலைந்தால் இவைதான் கேட்கப்படும்: போலீஸ் புகார் நகல், ஐஎம்இஐ, பில், அடையாள அட்டை. இவற்றை வைத்து சஞ்சார் சாத்தியில் போனை பிளாக் செய்யலாம். அதற்கு முன் தொலைந்த எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்க வேண்டும், ஓடிபி வேண்டுமே. புது சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் வரை ஆகும், பதற வேண்டாம்.

கடையில் கொடுப்பது வழவழ தாளில் அச்சான பில் என்றால் ஒரு ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டு பீரோ மேல் இருந்த பழைய மிக்ஸி பில் ஒரே வெயில் காலத்தில் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது.